யெல்லோஃபேஸ்: திருடியவள் தப்பித்தாள், கேள்வி கேட்டவள் மாட்டினாள்

சீன அமெரிக்க எழுத்தாளர் ஆர்.எஃப். குவாங் எழுதிய 'யெல்லோஃபேஸ்' (வெள்ளைக்காரர்கள் ஆசியர் வேடம் போடுவதற்கு ஆங்கிலத்தில் இதுதான் பெயர்) நாவலைப் படித்தவர்களோடு பேசும்போதெல்லாம் பேச்சு அதன் கதைசொல்லி ஜூன் ஹேவர்டைச் சுற்றியே போகிறது. அவள் எப்படித் திருடினாள், எப்படி மாட்டினாள், ட்விட்டரில் அவளை எப்படிக் கிழித்துத் தொங்கவிட்டார்கள், இதுதான் எல்லாருக்கும் நினைவில் இருக்கிறது. எனக்கு மனதில் நிற்பது கேண்டிஸ் லீ. பதிப்பகத்தில் எடிட்டருக்கு உதவியாளராக இருக்கும் இளம்பெண், முன்பாதியில் கொஞ்சப் பக்கங்களில் மட்டும் வந்துபோகிறவள். இத்தனை பெரிய கதையில், இணையத்தில் செய்த ஒரு சின்னக் காரியத்துக்காக முதலில் தண்டிக்கப்படுவது அவள்தான். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசக் காணோம், அதனால்தான் இதை எழுதுகிறேன். கதையை முடிவு வரை சொல்லப்போகிறேன், தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் நாவலை முடித்துவிட்டு வாருங்கள்.

2023 மே மாதம் வந்த நாவல். ஜூனும் அதீனா லியூவும் யேல் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலிருந்து பழக்கம், இருவருமே எழுத்தாளர்கள். அதீனா சீன அமெரிக்கப் பெண், முப்பது வயதுக்குள்ளேயே இலக்கிய நட்சத்திரம். ஜூன் வெள்ளைக்காரப் பெண், அவளுடைய முதல் நாவல் வந்த சுவடே தெரியாமல் போய்விட்டது. அதீனாவுக்கு நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தம் கிடைத்ததைக் கொண்டாடிய இரவில், வாஷிங்டனில் அவள் வீட்டில், பான்கேக் தொண்டையில் அடைத்து ஜூனின் கண்ணெதிரே அவள் செத்துப்போகிறாள். அவள் அப்போதுதான் முடித்து வைத்திருந்த ஒரு நாவலின் தட்டச்சுப் பிரதி மேசையில் இருக்கிறது. பழைய தட்டச்சுப் பொறியில் அடித்தது, கணினியில் வேறு பிரதி கிடையாது, எழுதி முடிக்கும்வரை யாருக்கும் காட்டாத பழக்கம் வேறு. ஜூன் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.

அதை அவள் அப்படியே தன் பெயரில் போட்டிருந்தால் இது சாதாரணக் கதைத் திருட்டாக நின்றிருக்கும், கோடம்பாக்கத்தில் நாம் பார்க்காததா. ஜூன் செய்வது அதைவிட மோசமானது. அந்தப் பிரதியை அவள் 'சரி' செய்கிறாள்.

அந்தப் பிரதி எதைப் பற்றியது என்று முதலில் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்ட சீனத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல் அது, பெயர் 'த லாஸ்ட் ஃப்ரண்ட்'. அந்தப் படை கற்பனை இல்லை. சுமார் 1,40,000 சீனர்களைப் பிரிட்டனும் பிரான்ஸும் 1916 முதல் ஆளெடுத்துக் கூட்டிப்போனார்கள், அதில் பிரிட்டன் எடுத்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 95,000 பேர். பெரும்பாலும் ஷாண்டோங் பக்கத்து விவசாயக் குடும்பங்கள். பதுங்குகுழி தோண்டுவது, தண்டவாளம் போடுவது, சரக்கு இறக்குவது, போர் முடிந்த பிறகு வெடிக்காத குண்டுகளையும் பிணங்களையும் அப்புறப்படுத்துவது என்று அத்தனை வேலையும் அவர்கள் தலையில். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து அதைக் கையில் காப்பு மாதிரி மாட்டிவிட்டார்கள். போர் முடிந்து பிரிட்டன் பதக்கம் கொடுத்தபோது படைவீரர்களுக்கு வெள்ளி, இவர்களுக்கு வெண்கலம், அதிலும் பெயர் கிடையாது, அந்த எண்தான்.

பாரீஸில் அந்தப் போரைப் பற்றி ஒரு மாபெரும் ஓவியம் வரைந்தார்கள், 'பாந்தியோன் த லா கேர்' என்று பெயர், நூறு மீட்டருக்கு மேல் நீளம். அதில் முதலில் சீனத் தொழிலாளர்களும் இருந்தார்கள். 1917-ல் அமெரிக்கா போருக்குள் வந்ததும் அமெரிக்கர்களுக்கு இடம் வேண்டியிருந்தது. சீனர்கள் நின்ற இடத்தின் மேலேயே அமெரிக்கர்களை வரைந்துவிட்டார்கள்.

இப்போது ஜூன் செய்த 'சரி'யைப் பாருங்கள். அதீனாவின் பிரதியில் தொழிலாளர்களைக் கொடுமைப்படுத்தும் வெள்ளைக்காரர்களில் ஒருவனைச் சீனனாக மாற்றுகிறாள். உரக்கப் பேசும் ஒரு சீனத் தொழிலாளியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நல்ல மனம் கொண்ட ஒரு வெள்ளைக்கார விவசாயியை வைக்கிறாள். சீனப் பெயர்கள் வாசகர்களுக்குக் குழப்பமாக இருக்கும் என்று குறைக்கிறாள். எடிட்டரோடு சேர்ந்து இதையெல்லாம் செய்யும்போது அவளுக்குக் கொஞ்சமும் உறுத்தல் இல்லை, புத்தகம் மெருகேறுகிறது என்ற பெருமிதம்தான். ஓவியத்தில் ஆள் மேல் ஆள் வரைந்த அதே வேலையை நூறு வருடம் கழித்து ஒரு வாஷிங்டன் வீட்டில் மடிக்கணினியில் செய்கிறாள். குவாங் இந்த ஓவியத்தை மனதில் வைத்துத்தான் எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. அந்த இரண்டு பக்கங்களைப் படித்தபோது வந்த கோபம் நாவலின் மற்ற எந்த இடத்திலும் எனக்கு வரவில்லை. மலாயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் கப்பலேறிப் போனவர்கள், சயாம் ரயில் பாதையில் பெயர் தெரியாமல் செத்தவர்கள் என்று நம் பக்கத்திலும் இருக்கிறார்களே, அவர்கள் கதையை யாராவது இப்படி 'மெருகேற்றினால்' எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் பெயர் மாற்றம். ஜூனின் அம்மா ஒரு காலத்தில் ஹிப்பியாக இருந்தபோது மகளுக்கு 'ஜூனிபர் சாங்' என்று முன்பெயரும் நடுப்பெயரும் வைத்திருந்தார். பதிப்பகம் அதைப் பிடித்துக்கொள்கிறது. 'சாங்' என்றால் சீனப் பெயர் போலவும் இருக்கும், யாராவது கேட்டால் நிஜப் பெயர்தான் என்றும் சொல்லலாம். ஆசிரியர் புகைப்படமும் புதிதாக எடுக்கப்படுகிறது, எந்த ஊர்க்காரி என்று சட்டெனச் சொல்ல முடியாத மாதிரி. ஒரு பொய்கூட நேரடியாகச் சொல்லப்படவில்லை, ஆனால் எல்லாருக்கும் ஒரு பொய் புரிந்துவிடுகிறது. பதிப்பகக் கூட்டங்களை எழுதும்போது குவாங்கின் கை ஓங்கியே இருக்கிறது, உள்ளே இருந்து பார்த்தவர் என்பது தெரிகிறது.

இது நடக்காத காரியமும் இல்லை. 2015-ஆம் ஆண்டின் சிறந்த அமெரிக்கக் கவிதைகள் தொகுப்பில் யி-ஃபென் சூ என்ற பெயரில் ஒரு கவிதை வந்தது. எழுதியவர் மைக்கேல் டெரிக் ஹட்சன் என்ற வெள்ளைக்காரர். தன் பெயரில் அனுப்பியபோது 40 முறை திருப்பி அனுப்பப்பட்டது, இந்தப் பெயரில் அனுப்பியபோது 9 முறை திருப்பி வந்த பிறகு ஒரு பத்திரிகை எடுத்துக்கொண்டது என்று அவரே தொகுப்பின் குறிப்பில் எழுதினார். அவரோடு பள்ளியில் படித்த ஒரு பெண்ணின் பெயர் அது என்று பிறகு தெரியவந்தது. பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் எல்லாரும் ஹட்சனைப் பற்றிப் பேசினார்கள், தொகுப்பாசிரியர் ஷெர்மன் அலெக்ஸி அந்தக் கவிதையை ஏன் நீக்கவில்லை என்று பேசினார்கள். தன் பெயர் இப்படிப் பறிபோன அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு. 'யெல்லோஃபேஸ்' படிக்கும்போது எனக்கு இது திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது, ஏனென்றால் நாவலிலும் இதுவேதான் நடக்கிறது. கூச்சல் அத்தனையும் திருடியவளைச் சுற்றியே, திருடு கொடுத்தவள் ஒரு ஹேஷ்டேக்.

இப்போது கேண்டிஸுக்கு வருகிறேன்.

புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பு கேண்டிஸ் ஒரு யோசனை சொல்கிறாள். சீன வரலாற்றைப் பற்றிய நாவல், எழுதியவர் சீனர் இல்லை, அதனால் அந்தப் பின்னணி கொண்ட ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாமே என்கிறாள். மரியாதையான மின்னஞ்சல்தான். ஜூன் மறுக்கிறாள், கேண்டிஸ் மறுபடி கேட்கிறாள், பிரச்சினை வந்துவிடும் என்று எச்சரிக்கிறாள். ஜூனுக்கு எரிச்சல். கொஞ்ச நாளில், வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திரம் போட்டு மதிப்பிடும் குட்ரீட்ஸ் தளத்தில் புத்தகத்துக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டது கேண்டிஸின் கணக்கு என்று ஜூன் கண்டுபிடிக்கிறாள், உடனே பதிப்பகத்துக்குப் புகார் போகிறது. அவ்வளவுதான். அந்தப் பெண் அந்தப் புத்தக வேலையிலிருந்து தூக்கப்படுகிறாள், அதோடு பதிப்பகத்தை விட்டே போகும்படி ஆகிவிடுகிறது.

இதை குவாங் எழுதியிருக்கும் வேகத்தைக் கவனியுங்கள். ஜூன்தான் கதைசொல்லி என்பதால் இது அவளுக்கு ஒரு சின்ன நிர்வாகப் பிரச்சினை, ஓரிரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அவள் தன்மேல் விழுந்த ட்வீட்டுகளை மட்டும் பக்கம் பக்கமாக விவரிக்கிறாள், தூக்கம் வராதது, சாப்பிட முடியாதது, போனை மூடி வைத்துவிட்டு மறுபடி திறப்பது என்று எல்லாம் சொல்கிறாள். படிக்கிற நமக்கும் அவள்மேல் இரக்கம் வந்துவிடுகிறது, அதுதான் பயங்கரம். கேண்டிஸ் அன்று இரவு தூங்கினாளா என்று நாம் கேட்பதே இல்லை. கதை சொல்லும் வாய் யாரிடம் இருக்கிறதோ அவருடைய அவமானம்தான் அவமானமாகத் தெரிகிறது. இந்த நாவலின் மிகப்பெரிய சாதனை இது என்று நினைக்கிறேன்.

குட்ரீட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 2013-லிருந்து அது அமேசானுக்குச் சொந்தம். வெளிவராத புத்தகத்துக்கும் அங்கே நட்சத்திரம் போடலாம். நாவல் வந்த அடுத்த மாதமே, 2023 ஜூனில், அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் தன்னுடைய அடுத்த நாவலை நிறுத்திவைப்பதாக அறிவித்தார், ரஷ்யாவின் சைபீரியாவில் நடக்கும் கதை என்பதால் உக்ரைன் வாசகர்களிடமிருந்து நூற்றுக்கணக்கான ஒற்றை நட்சத்திரங்கள் விழுந்திருந்தன, புத்தகத்தை யாரும் படிக்கவே இல்லை. அதே வருடம் டிசம்பரில் ஒரு புது எழுத்தாளர் பல போலிக் கணக்குகள் தொடங்கி மற்ற அறிமுக எழுத்தாளர்களுக்கு ஒற்றை நட்சத்திரமும் தனக்கு ஐந்தும் போட்டுக்கொண்டது அம்பலமானது, அவருடைய புத்தகத்தைப் பதிப்பகம் கைவிட்டது. இந்த இரண்டும் நாவலில் வந்திருந்தால் மிகைப்படுத்துகிறார் என்று சொல்லியிருப்போம்.

சரி, ட்விட்டருக்கு வருவோம். புத்தகம் பெரிய வெற்றி பெற்ற பிறகு அதீனாவின் ஆவி என்ற பெயரில் ஒரு கணக்கு முளைக்கிறது, ஜூன் திருடி என்று எழுதுகிறது. முதலில் கொஞ்சம் பேர், அப்புறம் ஆயிரக்கணக்கில். முதல் ட்வீட்டுகளில் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த நாவலை யார் எழுதினார்கள்? அது நியாயமான கேள்வி, பதிலும் நமக்குத் தெரியும். ஆனால் நாள் போகப் போக அந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது. அவள் முகம், அவள் பழைய படங்கள், அவள் எங்கே என்ன பேசினாள் என்று போகிறது, கொலை மிரட்டல் வருகிறது, அவளைக் கேலி செய்து பேர் வாங்குகிறவர்கள் வருகிறார்கள். கடைசியில் பார்த்தால் யாரிடமும் ஆதாரம் இல்லை, ஆதாரம் தேடியவரும் இல்லை.

இந்தச் சரிவை குவாங் மிகத் துல்லியமாகப் பிடித்திருக்கிறார். 2017-ல் வில்லியம் பிரேடி என்ற உளவியல் ஆய்வாளரும் அவர் குழுவினரும் 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமான ட்வீட்டுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அரசியல் விஷயங்களில், 'கேவலம்', 'வெட்கக்கேடு' மாதிரி ஒழுக்கமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒன்று கூடினால் அந்த ட்வீட் பரவுவது சுமார் 20 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். 2021-ல் பிரேடி யேலில் இருந்தபோது நடந்த இன்னொரு ஆய்வு 7,331 பேருடைய 1 கோடியே 27 லட்சம் ட்வீட்டுகளைப் பார்த்தது. கோபமாக எழுதி அதற்கு லைக்கும் ரீட்வீட்டும் வாங்கியவர்கள் அடுத்தடுத்து இன்னும் கோபமாக எழுதுகிறார்கள் என்று அதில் தெரிந்தது. அதாவது நிதானமாக "இந்தப் பிரதியின் மூலம் எங்கே?" என்று கேட்பவருக்கு அங்கே ஒன்றும் கிடைப்பதில்லை, "இவளெல்லாம் ஒரு மனுஷியா" என்பவருக்குக் கிடைக்கிறது. நாவலில் ஜூன் தப்பிப்பதற்குக் காரணம் அவளுடைய சாமர்த்தியம் மட்டும் இல்லை. எதிராளிகளின் கோபம் எல்லா இடத்துக்கும் சிதறி, கேட்க வேண்டிய ஒரே இடத்தில் நிற்காமல் போனதும்தான்.

பணம் வேறு வருகிறது. சர்ச்சை வெடித்ததும் விற்பனை படுத்துவிடும் என்று ஜூன் பயப்படுகிறாள், அப்படி நடக்கவில்லை. திட்டுவதற்காக வாங்குகிறார்கள், என்னதான் இருக்கிறது என்று பார்க்க வாங்குகிறார்கள், அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வாங்குகிறார்கள். அவளுடைய புத்தகங்களைப் பதிப்பகங்களிடம் விற்றுத்தரும் ஏஜென்ட் அவளிடம் கவலைப்படாதே என்கிறார். ராயல்டி கணக்கில் புகழ், பழி என்று தனித்தனிப் பத்தி கிடையாது. எரிகிற வீட்டில் பிடுங்கிய வரை லாபம் என்பார்களே, இங்கே வீட்டுக்காரியே பிடுங்குகிறாள்.

அந்த ஆவிக் கணக்கை நடத்துவது யார் தெரியுமா? ஜெஃப், அதீனாவின் முன்னாள் காதலன். அவனும் ஒரு எழுத்தாளன், அவள் உயிரோடு இருந்தபோதே அவளோடு பொதுவெளியில் சண்டை போட்டவன். ஜூன் அவனைக் கண்டுபிடித்து, மிரட்டி, வாயை அடைத்துவிடுகிறாள். உண்மை என்னவோ அவன் பக்கம்தான் இருந்தது. ஆனால் அவனுக்கும் உண்மைக்காக நிற்கும் எண்ணம் இல்லை, அதனால் ஒரே சந்திப்பில் அடங்கிப்போகிறான். இந்த இடம் பலருக்குச் சப்பென்று இருந்ததாகச் சொன்னார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. முகம் காட்டாத கணக்குகள் பாதிக்கு மேல் இப்படித்தான் அணைந்துபோகின்றன.

அதீனாவையும் குவாங் தெய்வமாக்கவில்லை, அதைப் பாராட்ட வேண்டும். கல்லூரி முதல் வருடத்தில் ஜூனுக்கு ஒரு பையனால் ஒரு மோசமான இரவு நேர்கிறது. அதை ஜூன் மனம் விட்டு அதீனாவிடம் சொல்கிறாள், அதீனா ஆறுதலாகக் கேட்டுக்கொள்கிறாள். பிறகு அது அதீனாவின் சிறுகதையாகக் கல்லூரிப் பத்திரிகையில் வருகிறது, ஜூன் சொன்ன வார்த்தைகளோடு. இதைப் படித்ததும் சிலர் 'அப்போ ரெண்டு பேரும் திருடிகள்தான், கணக்கு சரியாப் போச்சு' என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதீனா செய்தது துரோகம், சந்தேகமே இல்லை. ஆனால் ஜூன் அந்தத் துரோகத்தை ஒரு சீட்டு மாதிரி பத்திரமாக வைத்திருந்து, வேண்டும்போதெல்லாம் எடுத்து நீட்டுகிறாள், தனக்குத் தானே. போர்க்களத்தில் செத்தவர்களின் கதையைத் திருத்தி எழுதியதற்கும் அந்தச் சிறுகதைக்கும் என்ன சம்பந்தம்? தன் காயத்தைக் காட்டிவிட்டால் மற்றவர் காயம் சின்னதாகிவிடும் என்று நினைக்கிற இந்தப் பழக்கம் இணையத்தில் நாம் தினமும் பார்ப்பதுதான், மன்னிப்புக் கடிதங்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம், அல்லது படிக்க மிகவும் கஷ்டப்பட்ட அத்தியாயம், மேரிலாந்தில் ஒரு சீன அமெரிக்க மன்றம் ஜூனைப் பேசக் கூப்பிடும் இடம். 'சாங்' என்ற பெயரைப் பார்த்துச் சீனப் பெண் என்று நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவள் வந்து நின்றதும் அவர்கள் முகத்தில் ஒரு கணத் தயக்கம், உடனே அதை மறைத்துக்கொண்டு உபசரிக்கிறார்கள். சாப்பாடு வைக்கிறார்கள், அது அவளுக்கு இறங்கவில்லை. பேச்சு முடிந்ததும் ஒரு முதியவர் பக்கத்தில் வந்து உட்கார்கிறார், அவர் குடும்பத்தில் ஒருவர் அந்தத் தொழிலாளர் படையில் இருந்தவர். இத்தனை காலம் யாருமே சொல்லாத கதையைச் சொன்னதற்கு அவளுக்கு நன்றி சொல்கிறார், மனதார. ட்விட்டரில் எத்தனை பேர் திட்டினாலும் வெட்கப்படாத ஜூன் இந்த நன்றியின் முன்னால் நிலைகுலைகிறாள். நாவல் முழுவதிலும் அவளுக்கு நிஜமான வெட்கம் வருவது இங்கேதான் என்று எனக்குப் பட்டது. யாரும் பார்க்கவில்லை, யாரும் படம் எடுக்கவில்லை, அவர் அவளைக் குற்றம் சொல்லவும் இல்லை. ஆனால் அவர் யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ அந்த ஆள் இது இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

அதீனாவின் அம்மா வரும் இடமும் அப்படித்தான். மகளின் குறிப்பேடுகள் எல்லாம் அந்த அம்மாவிடம் இருக்கின்றன, யேலில் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறார். அந்தக் குறிப்பேடுகள் வெளியே வந்தால் ஜூன் கதை முடிந்தது. அதனால் அவள் அந்த வீட்டுக்கே போய், உங்கள் மகளின் அந்தரங்கத்தை ஊருக்குத் திறந்து காட்டலாமா என்று உருக்கமாகப் பேசுகிறாள், அம்மாவும் மனம் மாறிவிடுகிறார். மகளின் ஒவ்வொரு எழுத்தையும் பத்திரப்படுத்த நினைத்த தாயை, தாய்ப்பாசத்தை வைத்தே தடுத்துவிடுகிறாள். இணையத்தில் இத்தனை ஆர்ப்பாட்டம் நடக்கிறதே, அதில் ஒருவர், ஒரே ஒருவர், அந்த அம்மாவிடம் போய் உங்கள் மகள் என்ன எழுதிக்கொண்டிருந்தாள் என்று கேட்டிருந்தால் போதும். யாரும் போகவில்லை.

கடைசிப் பகுதியில் எனக்குக் குறை உண்டு. ஜூன் இரண்டாவது புத்தகத்தின் முதல் பத்தியை அதீனாவின் ஒரு தாளிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி மாட்டுகிறாள், அதீனா அதை ஒரு எழுத்துப் பட்டறையில் முன்பே வாசித்துக் காட்டியிருக்கிறாள். அதற்கப்புறம் அதீனாவின் இன்ஸ்டாகிராம் கணக்கு திடீரென்று உயிர் பெறுகிறது, ஜூனுக்குப் பித்துப் பிடிக்கிறது, ஜார்ஜ்டவுனில் ஒரு நீண்ட படிக்கட்டில் இரவில் ஒரு மோதல். காத்திருப்பவள் கேண்டிஸ். ஜூன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள், கேண்டிஸ் அதைக் கேமராவில் பிடித்துக்கொள்கிறாள், தள்ளுமுள்ளில் ஜூன் கீழே விழுகிறாள். ஆவிக்கதை மாதிரி போகும் இந்தப் பக்கங்களில் பதிப்பகக் காட்சிகளில் இருந்த நுணுக்கம் இல்லை. கேண்டிஸுக்கு இதைவிட நல்ல ஓர் அத்தியாயம் கொடுத்திருக்கலாம். ஒற்றை நட்சத்திரத்துக்காக வேலை போன ஒரு பெண் அதன் பிறகு எப்படிப் பிழைத்தாள், வாடகைக்கு என்ன செய்தாள், யாராவது அவளை மறுபடி வேலைக்கு எடுத்தார்களா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன், கிடைத்தது ஒரு வில்லி வசனம்.

ஆனாலும் அதன் பிறகு வரும் பக்கங்கள் அதை ஓரளவு ஈடுகட்டுகின்றன. கேண்டிஸ் அந்த ஒப்புதலை ஒரு புத்தகமாக எழுதப் பெருந்தொகைக்கு ஒப்பந்தம் போடுகிறாள். ஜூன் படுக்கையில் கிடந்தபடி பதிலுக்குத் தன் தரப்பைச் சொல்லும் புத்தகத்துக்குத் திட்டம் போடுகிறாள், இதுவும் விற்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நியாயம் கேட்டவளும் அதை ஒரு பண்டமாக விற்றால்தான் நியாயம் கிடைக்கும் என்ற நிலைமை. இதற்காக நான் கேண்டிஸைக் குறை சொல்ல மாட்டேன். மின்னஞ்சலில் மரியாதையாகக் கேட்டுப் பார்த்தாள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நட்சத்திரம் போட்டுப் பார்த்தாள், வேலையே போனது. வேறு எந்தக் கதவை அவள் தட்டியிருக்க வேண்டும்?

இதில் அடிபட்டுப் போவது 'த லாஸ்ட் ஃப்ரண்ட்' என்ற அந்த நாவல். ஜூன் கைவைக்காத அதீனாவின் மூலப் பிரதி எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது, இனி தெரியப்போவதும் இல்லை. ட்விட்டரில் சண்டை போட்டவர்களில் யாரும் அந்தத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு வரி பேசியதாக நாவலில் எனக்குத் தென்படவில்லை, நாவலைப் பற்றி நிஜ உலகில் எழுதியவர்களிலும் பெரும்பாலோர் பேசவில்லை. குவாங்கே அதை வேண்டுமென்றுதான் இப்படி விட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்தத் தொழிலாளர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் சூ குவோச்சி என்ற வரலாற்றாசிரியரைத் தேடிப் படிக்கலாம், 2011-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய புத்தகம் முழுக்க அவர்களைப் பற்றியதுதான். நான் 'யெல்லோஃபேஸ்' முடித்த கையோடு அதைத்தான் எடுத்தேன். நாவலை வைத்திருப்பவர்கள் இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஜூன் எந்தெந்த இடத்தில் கைவைத்திருப்பாள் என்று படிக்கும்போதே தெரியும்.